சூடே ஆகாத வண்டி

என் பெரியப்பா அந்தக் காரை என்னிடம் கொடுத்தபோது சொன்ன முதல் பெருமை, "இது சூடே ஆகாதுடா" என்பதுதான். எவ்வளவு நெரிசலில் நின்றாலும், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வெப்பமானி முள் கால்வாசியைத் தாண்டாது. அந்தப் பெருமையை நானும் மூன்று வருடம் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். அந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

வண்டி 1990களின் கடைசியில் வந்தது. பெட்ரோல். கார்புரேட்டர் கிடையாது. இன்ஜெக்‌ஷன், அதை நடத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர், சைலன்சர் குழாயில் ஒரே ஒரு ஆக்சிஜன் சென்சார், அதற்குப் பின்னால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அவ்வளவுதான். ஓட்டுவதற்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகும். மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைவு, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

புகைப் பரிசோதனைக்குப் போன அன்று கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். சைலன்சரில் கருவியின் குழாயைச் செருகினார்கள், ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு ஒரு அளவு, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து ஒரு அளவு எடுத்தார்கள், கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். 'தோல்வி' என்ற ஒரு சொல்லைத்தான் நான் படித்தேன். அதற்கு மேலே ஐந்து எண்கள் இருந்தன. கார்பன் மோனாக்சைடு 3.9 சதவீதம், ஹைட்ரோகார்பன் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு), கார்பன் டை ஆக்சைடு 12.2 சதவீதம், ஆக்சிஜன் 0.6 சதவீதம், லாம்டா 0.90. அவற்றைப் பார்க்காமலே சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த தப்புகளில் பெரியது இதுதான்.

அப்புறம் என்ன, எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நண்பர் ஒருவர் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் ஒரு மருந்தைச் சொன்னார், ஊற்றினேன். இன்ஜெக்டரில் அழுக்கு இருந்தால் சில மருந்துகள் கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான். என் வண்டியின் நோய்க்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், "பழைய வண்டி சார், கன்வெர்ட்டர் போயிருக்கும், இல்லாட்டி ஆக்சிஜன் சென்சார்" என்றார்கள். கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டதும் சென்சார்தான் என்று முடிவு செய்தேன். பாருங்கள், நோயை விலைப்பட்டியலை வைத்துத் தீர்மானித்திருக்கிறேன். புது சென்சார் போட்டு இரண்டாவது முறை போனால் கார்பன் மோனாக்சைடு 3.8. அந்த 0.1 குறைவுக்கு நான் கொடுத்த விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவதாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளை மட்டும் பார்ப்பவர். அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. "சீட்டு இருக்கா தம்பி?" என்றார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

"இதுலதான் எல்லாம் எழுதியிருக்கே. எதுக்கு சென்சார் மாத்துனீங்க?"

அன்று அவர் சொல்லித் தந்ததை என் மொழியில் எழுதுகிறேன். பெட்ரோல் முழுவதுமாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தச் சரியான விகிதத்துக்கு லாம்டா 1 என்று பெயர். அதற்குக் கீழே இருந்தால் பெட்ரோல் அதிகம், மெக்கானிக் மொழியில் 'ரிச்'. மேலே இருந்தால் காற்று அதிகம், 'லீன்'. கார்பன் மோனாக்சைடு என்பது பாதி எரிந்த பெட்ரோல், காற்று போதாமல் அரைகுறையாக நின்றது. ஹைட்ரோகார்பன் என்பது எரியவே எரியாமல் அப்படியே வெளியே வந்த பெட்ரோல். கார்பன் டை ஆக்சைடு முழுதாக எரிந்ததற்குச் சாட்சி. நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினில் அது 14, 15 சதவீதம் வரை வர வேண்டும், என்னுடையது 12.2. மிச்சம் இருக்கும் ஆக்சிஜன், காற்று எங்கேயாவது வீணாகிறதா என்பதைக் காட்டும்.

என் சீட்டில் லாம்டா 0.90. அதாவது தேவைக்குப் பத்தில் ஒரு பங்கு காற்று குறைவு. கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடை எரித்து டை ஆக்சைடாக மாற்றும்தான், ஆனால் அதற்கும் ஆக்சிஜன் வேண்டுமே. புகையிலேயே போதுமான ஆக்சிஜன் இல்லாதபோது அது எதை வைத்து எரிக்கும்? அந்த நிலையில் புத்தம் புதுக் கன்வெர்ட்டர் போட்டிருந்தாலும் தோற்றிருப்பேன். மாதக்கணக்கில் அதே ரிச் கலவையை விட்டால் புதுசும் கெட்டிருக்கும். விலையைப் பார்த்துப் பயந்தது என் அதிர்ஷ்டம்.

அவர் வோல்ட் மீட்டரை எடுத்துச் சென்சாரின் ஒயரில் வைத்தார். இந்த வகைச் சென்சார் புகையில் ஆக்சிஜன் குறைந்தால் 0.8, 0.9 வோல்ட் காட்டும், ஆக்சிஜன் மிகுந்தால் 0.1, 0.2-க்கு இறங்கும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டே இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொண்டே இருப்பதால் வரும் ஆட்டம் அது. என் வண்டியில் 0.85-இல் ஆணி அடித்தது போல நின்றது. "இது கெட்டுப்போன சென்சார் இல்லை தம்பி. ரிச், ரிச்னு கத்திக்கிட்டே இருக்கு. கம்ப்யூட்டர்தான் காதுல வாங்கல. ஏன் வாங்கலன்னு பார்க்கணும்." பழைய சென்சாரும் இதையேதான் கத்தியிருக்கும். நான் அதைக் கழற்றி, அதே செய்தியைச் சொல்ல இன்னொரு ஆளை வேலைக்கு வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் எப்போது சென்சாரின் பேச்சைக் கேட்காது? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும், அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும். இன்ஜின் சூடான பிறகுதான் சென்சாரைக் கேட்டுக் கலவையைச் சரிசெய்யத் தொடங்கும். இதைச் சொல்லிக்கொண்டே டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். முள் வழக்கம்போல் கால்வாசியில்.

"எவ்வளவு நேரம் ஓட்டிட்டு வந்தீங்க?"

"நாற்பது நிமிஷம். இது சூடே ஆகாதுண்ணே" என்றேன், பழக்கதோஷத்தில் கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) சரியாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடம் சூடு இல்லாமலே இருக்கும், பிறகு வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். என்னுடையது முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே ரேடியேட்டருக்குள் சுற்றுகிறது என்று அர்த்தம். தொடும்போது ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கும். என் ஃபேனில் அந்தச் சந்தேகமே இல்லை. சாவியைத் திருப்பியதிலிருந்து அது நிற்கவே இல்லை.

தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைத் திறந்தார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ ஒருநாள் வண்டி சூடாகியிருக்கிறது, யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனுக்கும் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாக ஒயர் கொடுத்துவிட்டார். சூடு பிரச்சினை தீர்ந்தது, பெரியப்பாவுக்குப் பெருமை வந்தது. இன்ஜின் மட்டும் தன்னை இன்னும் இப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கூடுதல் பெட்ரோல் குடித்தது. மைலேஜ் குறைவுக்கும் அதுதான் காரணம்.

88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று போட்டோம். நான் வாங்கிய சென்சாரின் விலையில் அதைப் போல ஆறேழு வாங்கலாம். ஃபேனைப் பழையபடி சுவிட்சுக்கு மாற்றினோம். ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்தார். முன்பு ஏன் சூடானது என்று தெரியாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் திரும்ப மாட்டினால் இன்ஜின் வெந்துவிடும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்ப சென்சாரையும் ஓம் மீட்டரில் பார்த்தார். பல வண்டிகளில் இது சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு, மூன்று கிலோ ஓம் காட்டும், இன்ஜின் சூடாகும்போது முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கும். இறங்காவிட்டால் இன்ஜின் கொதித்தாலும் கம்ப்யூட்டர் அதைக் குளிர் என்றே நம்பும், விளைவு அதே ரிச் கலவை. என்னுடையது ஒழுங்காக இறங்கியது.

அத்தோடு ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கின் அருகே நீட்டினார். பெட்ரோல் வாடை. ரிச்சாகவே ஓடும் குளிர்ந்த இன்ஜினில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்குமாம். இன்ஜின் சூடானதும் அது ஆவியாகி, மூச்சுக் குழாய் வழியாக மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போய்க் கலவையை ரிச்சாக்கும். நோயைச் சரிசெய்த பிறகும் சீட்டு சரியாக வராமல் பலர் குழம்புவது இதனால்தான் என்றார். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். பரிசோதனைக்கு முன் ஆயில் மாற்றுவது மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். ஆயில் புதுசாக இருப்பதல்ல விஷயம், பழைய ஆயிலுக்குள் ஊறிக்கிடக்கும் பெட்ரோல் வெளியேறுவதுதான்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரிடமே ஒரு வாயு அளவிடும் கருவி இருந்தது, அதில் வைத்துப் பார்த்தோம். கார்பன் மோனாக்சைடு 3.9-இலிருந்து 0.47-க்கு விழுந்தது, நான் கைதட்டாத குறை. ஆனால் ஹைட்ரோகார்பன் 510. முன்பைவிட அதிகம்! ஆக்சிஜன் 1.9, லாம்டா 1.06.

இந்த எண்களை இப்போது நானே படிக்க முயன்றேன். லாம்டா ஒன்றுக்கு மேல், அப்படியானால் லீன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "சென்சார் இப்போ ஊசலாடுது, கம்ப்யூட்டர் கேக்குது. அப்போ கலவை சரியாத்தான் இருக்கணும். காத்து சென்சாருக்குப் பின்னாடி எங்கயோ நுழையுது." கனமான கையுறை போட்டுக்கொண்டு, மடித்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் மட்டும் அழுத்திப் பிடித்தார். வண்டிக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இணைப்பில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தேய்ந்து ஓட்டை. புகை துடிப்புத் துடிப்பாக வருவதால், வெளியே தள்ளும் இடைவெளியில் உள்ளேயும் காற்றை இழுத்துக்கொள்ளும். அளவுக் கருவிக்கு அது லீன் போலத் தெரியும். இதே ஓட்டை சென்சாருக்கு முன்னால் இருந்தால் இன்னும் மோசம், சென்சாரே ஏமாந்துபோய் லீன் என்று சொல்லும், கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். திறந்த வெளியில் இதைச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து தேடுவது உயிரோடு விளையாடுவது.

கேஸ்கெட் மாற்றியதும் ஆக்சிஜன் 0.9, லாம்டா 1.01. ஹைட்ரோகார்பன் 540. அது அசையவே இல்லை. சொல்லப்போனால் காற்று கலந்து நீர்த்துப்போகாததால் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

கார்பன் மோனாக்சைடு குறைவு, ஹைட்ரோகார்பன் அதிகம், ஆக்சிஜனும் மிச்சம். அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் அவ்வப்போது பெட்ரோலும் காற்றும் சேர்ந்தே உள்ளே போய், பற்றாமல் சேர்ந்தே வெளியே வருகின்றன. மிஸ் அடிக்கிறது. ஓட்டும்போது எனக்குத் தெரிந்ததே இல்லை. ஆனால் ஐட்லிங்கில் ஒரு காகிதத் துண்டைச் சைலன்சர் வாயருகே பிடித்தபோது அது சீராகப் படபடக்காமல் இடையிடையே சுணங்குவதைக் கண்ணால் பார்த்தேன். முன்பு இதெல்லாம் ரிச் கலவையின் கூச்சலில் மறைந்திருந்தது.

பிளக்குகளைக் கழற்றினோம். மூன்று பழுப்பு நிறத்தில் நன்றாக இருந்தன. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. எல்லாப் பிளக்கிலும் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்ததால் நான்கையும் மாற்றினோம். ஆனால் குற்றவாளி பிளக் இல்லை. இருட்டும் வரை காத்திருந்து, இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரை மெல்லிய சாரலாகத் தெளித்தார். இரண்டாவது சிலிண்டரின் ஒயரிலிருந்து இன்ஜின் உடம்புக்கு நீல நீலமாகப் பொறி தாவியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒயருக்குள் போக வேண்டிய மின்சாரம் பாதியிலேயே குதித்துத் தப்பிக்கிறது. (கை வைத்துவிடாதீர்கள், பல ஆயிரம் வோல்ட்.) ஒரு செட் ஒயர் மாற்றியதும் ஹைட்ரோகார்பன் 540-இலிருந்து 90-க்கு வந்தது.

மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதை நீட்டி முழக்கிச் செய்யக் கூடாது என்றார். எரியாத பெட்ரோல் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது பரிசோதனைக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் தந்திரம். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலையைத் தொடங்கும். அதனால் வீட்டிலிருந்து நேரே போகாமல் அரை மணி நேரம் ஓட்டினேன், கடைசிப் பதினைந்து நிமிடம் ஒரு கியர் குறைவாக வைத்து மூவாயிரம் சுற்றை ஒட்டி. வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்கவில்லை. நீண்ட வரிசையில் வெறும் ஐட்லிங்கில் நின்றாலும் கன்வெர்ட்டர் ஆறும் என்பதால், என் முறை வருமுன் இரண்டு நிமிடம் 2,500 சுற்றில் பிடித்தேன். பின்னால் நின்றவர் முறைத்தார். பரவாயில்லை.

கார்பன் மோனாக்சைடு 0.12, ஹைட்ரோகார்பன் 60, டை ஆக்சைடு 15.0, ஆக்சிஜன் 0.3, லாம்டா 1.01. கெட்டுவிட்டது என்று சொல்லப்பட்ட அதே பழைய கன்வெர்ட்டர்தான்.

இதே மாதத்தில் என் தங்கையின் வண்டியும் தோற்றது, வேறு விதமாக. அவளுடையது புதிய வகை. குழாயைச் செருகாமல் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் கருவியை மாட்டிப் படித்தார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் முந்தைய நாள்தான் பேட்டரி மாற்றியிருந்தாள். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலோ கோளாறுக் குறியீடுகளை அழித்தாலோ கம்ப்யூட்டர் தன் சுய சோதனைகளை எல்லாம் மறந்துவிடும். அவற்றை மறுபடி முடிக்க, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட், சீரான வேகத்தில் ஓட்டம், ஐட்லிங் என்று சில நாள் கலவையாக ஓட வேண்டும். அதுவரை 'தயாராக இல்லை' என்றே காட்டும். எச்சரிக்கை விளக்கைக் காலையில் அழித்துவிட்டு மதியம் பரிசோதனைக்குப் போகும் கெட்டிக்காரர்கள் மாட்டுவதும் இங்கேதான்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சென்சார் தலைவலி இல்லை, ஆனால் ரிச் கலவை என்றால் முதலில் சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தடுப்பு) முழுதாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, கார்புரேட்டரில் மிதக்கும் ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் ஏறிக் கனத்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஐட்லிங் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். டீசலில் அளப்பதே வேறு, புகையின் அடர்த்தி. இன்ஜினை உச்சச் சுற்று வரை சில முறை மிதித்து அளப்பார்கள் என்பதால், டைமிங் பெல்ட்டும் ஆயிலும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் டீசல் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

தேறிய சீட்டை மட்டுமல்ல, தோற்ற இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை எது நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய ஆக்சிஜன் சென்சாரும் ஒரு டப்பாவில் இருக்கிறது. மெக்கானிக் அதை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் நாலு வருஷம் ஓடும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார்.

போன வாரம் பெரியப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் முன்னால் குனிந்து டாஷ்போர்டைப் பார்த்தார். முள் நட்ட நடுவில் நின்றது. அவர் முகம் மாறிவிட்டது.

"என்னடா, இப்படிச் சூடாகுது? ஓரமா நிறுத்து, ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாரு."